ஒன்பது மாதம் மோட்டர்ஹோமோடு ஐரோப்பா: சட்டப்படி என்னென்ன வேண்டும்?

லெஸ்டர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் லெஸ்டரில் இருக்கிறோம். இரண்டு பேரும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. நான் வேலையை விட்டாயிற்று, மனைவியும் வரும் ஓகஸ்டோடு ஓய்வு பெறுகிறார். பிள்ளைகள் தங்கள் பாட்டைப் பார்க்கிறார்கள். இத்தனை வருடம் வேர்ஹவுஸும் வீடும் என்றே ஓடிவிட்டது, இனியாவது ஒரு குளிர்காலத்தை வெயிலில் கழிக்கலாம் என்று ஒரு மோட்டர்ஹோம் வாங்கினோம். கைமாறிய வண்டிதான், 2015 ஃபியட் டுக்காட்டோ. ஆறு பேர் படுக்கலாம். சமையல், குளியல் எல்லாம் உள்ளேயே.

யோசனை இதுதான். ஒக்டோபர் 1ஆம் திகதி டோவரில் ஏறி கலேயில் இறங்குவது. பிரான்சுக்குள்ளால் ஸ்பெயின், பிறகு போர்த்துக்கல். குளிர் முடிந்ததும் மேலே வந்து, சித்திரை வருடப்பிறப்புக்கு பாரிஸில் மகள் வீட்டில் நிற்பது. அங்கிருந்து ஜெர்மனியில் தங்கை வீடு, சுவிஸில் மச்சாள் வீடு. ஜூன் கடைசியில் திரும்புவது.

என் கேள்விகள்: எம்.ஓ.டி. (வண்டிக்கு வருடாவருடம் செய்கிற கட்டாயப் பரிசோதனை) பெப்ரவரியில் முடிகிறது, அதை ஸ்பெயினில் செய்யலாமா? காப்புறுதிப் பத்திரத்தில் 'ஐரோப்பா உட்பட' என்று இருக்கிறது, அது போதுமா? 90 நாள் விதி ஆளுக்கு மட்டுமா, வண்டிக்கும் உண்டா? லைசென்ஸ் பிரச்சினை இல்லை, 1999இல் இங்கேயே பரீட்சை பாஸ் பண்ணினேன். மனைவி ஓட்டுவதில்லை. வேறு ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்.

குளிர்காலப்பறவை

அண்ணை, அதிகம் யோசிக்காதீர்கள். எங்கள் மச்சான் ஒருவர் போன குளிர்காலம் முழுக்க ஸ்பெயினில் அலிகாந்தே பக்கம்தான் நின்றார். ஒரு பொலிஸ்காரர்கூட மறிக்கவில்லை. வண்டி ஓடினால் போதும், போய் வாருங்கள்.

கராஜ்காரன்

வணக்கம் அண்ணை. நான் கிழக்கு லண்டனில் எம்.ஓ.டி. பார்க்கிற கராஜில் வேலை செய்கிறேன். குளிர் தொடங்கினால் நாங்களும் தெற்கே இறங்குகிறவர்கள்தான். அதனால் கொஞ்சம் நீட்டமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நீங்கள் பிரச்சினை இல்லை என்று எழுதிய லைசென்ஸ்தான் என் கண்ணில் முதலில் பட்டது. 1997 ஜனவரி 1க்கு முன் கார் பரீட்சை பாஸ் பண்ணியவர்களுக்கு சி1 வகுப்பும் சேர்ந்தே கிடைத்தது, அவர்கள் 7.5 தொன் வரை ஓட்டலாம். நீங்கள் 1999. உங்களிடம் இருப்பது பி வகுப்பு, அதாவது 3,500 கிலோ. ஆறு பேர் படுக்கிற டுக்காட்டோக்கள் பல அதற்கு மேலே பதியப்பட்டவை. இன்றைக்கே பொனெட்டைத் திறந்து முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இருக்கும் தகட்டைப் பாருங்கள். நான்கு எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். முதலாவதுதான் வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை. இரண்டாவது இழுவையோடு சேர்ந்த எடை, மூன்றாவதும் நான்காவதும் முன் அச்சு, பின் அச்சு. வண்டிக்கு மேற்கூடு கட்டிய நிறுவனம் இரண்டாவதாக ஒரு தகடு அடித்திருந்தால் அதுதான் கணக்கு. சிலர் அதை வாசல் கதவுக்குக் கீழே ஒட்டியிருப்பார்கள். லொக் புக்கிலும் (வண்டியின் பதிவுப் பத்திரம்) எஃப்1 என்ற இடத்தில் பாருங்கள்.

வண்டி வெறுமையாக நின்றாலும் தகட்டில் உள்ள எண்தான் லைசென்ஸுக்குக் கணக்கு. 3,850 என்று இருந்தால், லெஸ்டரில் கடைக்கு ஓட்டிப் போவதுகூட உங்களுக்குச் சட்டப்படி சரியில்லை. லைசென்ஸ் இல்லாத வகுப்பை ஓட்டினால் காப்புறுதியும் கேள்விக்குறி. இரண்டு வழி இருக்கிறது. மருத்துவச் சான்று எடுத்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் செய்து சி1 எடுக்கலாம். அல்லது வண்டியை 3,500க்குக் குறைத்துப் புதிய தகடு அடித்து, லொக் புக்கையும் திருத்தலாம். இரண்டாவது இலகு, ஆனால் ஏற்றக்கூடிய பாரம் சுருங்கிவிடும். தண்ணீர்த் தாங்கி 100 லீட்டர் என்றால் அதுவே 100 கிலோ. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சைக்கிள், இரண்டு பேர் என்று கூட்டிப் பாருங்கள். எல்லாம் ஏற்றியபின் எடைமேடையில் ஒருமுறை நிறுக்காமல் கப்பலுக்குப் போகாதீர்கள். பின்பக்கம் நீண்ட வண்டிகளில் மொத்த எடை சரியாக இருக்கும், பின் அச்சுதான் மீறியிருக்கும். நான் பார்க்கிற வண்டிகளில் பின் ரயர் ஓரம் தேய்ந்து வருவதைக் கண்டாலே எனக்கு விஷயம் விளங்கிவிடும். (இதை வாசிக்கிற மூத்தவர்களுக்கும் ஒன்று: 1997க்கு முந்திய சி1 உரிமை 70 வயதில் தானாகத் தொடராது. மருத்துவப் படிவம் கொடுத்துத்தான் புதுப்பிக்க வேண்டும்.)

சரி, இனி நாள் கணக்கு. 90 நாள் விதி ஆளுக்கு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் ஷெங்கன் நாடுகள் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்) எல்லாவற்றிலும் சேர்த்து 90 நாளுக்கு மேல் நிற்க முடியாது. பிரான்சில் 90, ஸ்பெயினில் இன்னொரு 90 என்று கிடையாது. உள்ளே போகிற நாளும் வெளியே வருகிற நாளும் எண்ணப்படும். ஒக்டோபர் 1 கலேயில் இறங்கினால் டிசம்பர் 29 உங்களுடைய 90ஆவது நாள். அன்றைக்கே வெளியேற வேண்டும். பிறகு மார்ச் 29 வரை ஷெங்கனில் கால் வைக்க முடியாது. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே என்று நினைக்காதீர்கள், அது ஷெங்கனில் இருக்கிறது. குரோஷியா 2023இல் சேர்ந்துவிட்டது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் தரை எல்லைக்கும் சேர்ந்துவிட்டன. ஆக, உங்கள் ஒன்பது மாதத் திட்டம் விசா இல்லாமல் நடக்காது.

மேலே தம்பி ஒருவரும் கேட்கவில்லை என்கிறார். முத்திரை குத்தின காலத்தில் சிலர் தப்பியிருக்கலாம். 2025 ஒக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்து, போகிற வருகிற நாளைக் கணினியில் பதிகிற முறை படிப்படியாக வந்துவிட்டது. இனி கூட்டல் கழித்தலை எல்லையில் இருக்கும் இயந்திரமே செய்யும். மீறினால் தண்டப்பணம், சில வேளை நுழைவுத் தடை. பாரிஸில் மகள் இருக்கிற ஒரு தகப்பனுக்கு நுழைவுத் தடை என்றால் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசியுங்கள். 'போய் வாருங்கள்' என்று சொல்வது இலகு தம்பி, எல்லையில் நிற்கப்போவது இவர்கள்.

வண்டிக்கு வேறு கணக்கு. பிரெக்சிற்றுக்குப் பிறகு எங்கள் வண்டி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிநாட்டு வண்டி. வெளியே வசிக்கிற ஒருவர் சொந்தப் பாவனைக்குக் கொண்டு போனால் தற்காலிக இறக்குமதி என்று 6 மாதத்துக்குச் சுங்கவரி இல்லாமல் விடுவார்கள். இதற்குப் படிவம் ஒன்றும் நிரப்பத் தேவையில்லை, எல்லையைத் தாண்டி ஓட்டுவதே அறிவிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். அதனால்தான் பலருக்கு இப்படி ஒரு கெடு இருப்பதே தெரியாது. ஸ்பெயின் 12 மாதத்தில் 6 மாதம் என்று எண்ணுகிறது. நீங்களும் எல்லா இடத்துக்கும் அப்படியே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. கப்பல் ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள், எப்போது வந்தீர்கள் என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

எம்.ஓ.டி.க்கு வருகிறேன், இது என் தொழில். ஸ்பெயினில் செய்ய முடியாது, வேறெந்த நாட்டிலும் முடியாது. அவர்களுடைய பரிசோதனை அவர்கள் நாட்டில் பதிந்த வண்டிக்கு. எம்.ஓ.டி. வெளிநாட்டில் முடிந்தால், வீதி வரியும் புதுப்பிக்க முடியாது. மாதாமாதம் வங்கியில் கழிகிற ஏற்பாடுகூட எம்.ஓ.டி. இருந்தால்தான் அடுத்த வருடத்துக்குத் தொடரும். விபத்து என்று ஒன்று நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்கிற பத்திரங்களில் இதுவும் ஒன்று. கெடு முடிய ஒரு மாதத்துக்கு உள்ளே செய்தால் பழைய திகதி அப்படியே நிற்கும். அதற்கு முன்னரே செய்தால் செய்த நாளிலிருந்து ஒரு வருடம். நீங்கள் செப்டம்பர் கடைசி வாரத்தில் செய்யுங்கள். பெப்ரவரி வரை இருந்த சில மாதத்தை இழப்பீர்கள், ஆனால் அடுத்த செப்டம்பர் வரை கவலை இல்லை. கராஜ்காரனுக்கு வியாபாரம் என்று நினைக்காதீர்கள், இதைவிட மலிவான நிம்மதி கிடையாது.

காப்புறுதி: 'ஐரோப்பா உட்பட' போதாது. பத்திரத்தில் தொடர்ச்சியாக எத்தனை நாள், வருடத்தில் மொத்தம் எத்தனை நாள் என்று தேடுங்கள். எந்தப் பிரித்தானியக் காப்புறுதியும் ஐரோப்பிய ஒன்றியத்தில் மூன்றாம் தரப்புக்குரிய குறைந்தபட்சத்தைக் கொடுக்கும். முழுக் காப்புறுதி எத்தனை நாளுக்கு என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறுபடும். 90 நாளோடு நிற்பவையும் உண்டு, வருடம் முழுக்கக் கொடுப்பவையும் உண்டு. தொலைபேசியில் சொன்னால் விடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். பச்சை அட்டை (வெளிநாட்டில் காட்டுகிற காப்புறுதிச் சான்று) 2021 ஓகஸ்ட் 2 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தேவையில்லை. துருக்கி, அல்பேனியா, மொரோக்கோ பக்கம் போனால் தேவை.

அப்புறம் சின்ன விஷயங்கள். லொக் புக் மூலப் பிரதி வண்டியில் இருக்க வேண்டும். ஜீ.பி. ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28உடன் போய்விட்டது, இப்போது யூ.கே. ஸ்டிக்கர். ஸ்பெயினில் இலக்கத்தகட்டில் என்ன அடித்திருந்தாலும் ஸ்டிக்கர் தனியாக வேண்டும். முன்விளக்குக்கு ஒட்டுத்தாள், முக்கோணம், கைக்கு எட்டும் இடத்தில் ஒளிரும் அங்கி. 3,500க்கு மேல் உள்ள வண்டிக்குப் பிரான்சில் பக்கங்களிலும் பின்னாலும் 'மறைகோணம்' (ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத பக்கம்) எச்சரிக்கை ஸ்டிக்கர் 2021 முதல் கட்டாயம். கடவுச்சீட்டு, உள்ளே போகிற நாளில் கொடுத்து 10 வருடம் தாண்டியிருக்கக் கூடாது, வெளியே வருகிற நாளிலிருந்து மூன்று மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

இனி என் ஆலோசனை. குளிர்காலத்தின் நடுப்பகுதியை மொரோக்கோவில் கழியுங்கள். அது ஷெங்கனும் இல்லை, ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கும் வெளியே. எங்களுக்கு விசா இல்லாமல் 90 நாள், வண்டிக்கு 6 மாதம். ஒக்டோபர் 1 இறங்கி நவம்பர் 29 ஸ்பெயினின் தெற்கே அல்ஹெசிராசில் கப்பல் ஏறினால் ஷெங்கனில் 60 நாள் முடிந்திருக்கும். மொரோக்கோவில் பெப்ரவரி 25 வரை நில்லுங்கள். அன்று திரும்பினால் மிச்சம் 30 நாள், மார்ச் 26 வரை. அதற்குள் ஸ்பெயினின் வடக்கே சந்தாந்தர் அல்லது பில்பாவோவில் வீட்டுக்குக் கப்பல். மொரோக்கோவில் 90 நாள் நின்றால் இந்தப் பக்கம் 90 நாள் கழிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கழியாது. ஏறுகிற நாளும் இறங்குகிற நாளும் இரண்டு பக்கத்திலும் எண்ணப்படுவதால் ஷெங்கன் கணக்கில் வெறுமையாக நிற்பது 88 நாள்தான். உங்கள் கணக்கில் மார்ச் 27 முதல் 29 வரை உள்ள இடைவெளியில் அகப்படாதீர்கள்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பாரிஸ் போக ஒரு தடையும் இல்லை. மார்ச் 30இலிருந்து ஒக்டோபர் நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து விழும். ஏப்ரல் 14 அன்று கையில் தாராளமாக நாள் இருக்கும்.

மொரோக்கோவுக்கு எங்கள் காப்புறுதிகள் பல பச்சை அட்டை கொடுப்பதில்லை. தான்ஜியர் மெட் துறைமுகத்திலேயே எல்லைக் காப்புறுதி வாங்கலாம், ஆனால் அது மூன்றாம் தரப்பு மட்டும். வண்டி உங்கள் கடவுச்சீட்டோடு சேர்த்துப் பதியப்படும். வண்டியை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் விமானம் ஏற நினைத்தால் சுங்கத்தோடு சிக்கல். ட்ரோன் கொண்டு போகாதீர்கள், அங்கே தடை.

மலர் பாரிஸ்

கராஜ்காரன் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்களுக்கு மொரோக்கோ வேண்டாம் என்றால் பிரான்சின் நீண்டகாலத் தற்காலிக விசா இருக்கிறது, 6 மாதம் வரை. என் மாமா மாமிக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கட்டணம் 99 யூரோ, புறப்படுவதற்கு மூன்று மாதத்துக்குள்தான் விண்ணப்பிக்கலாம். ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்புறுதி, தங்கும் இடம் காட்ட வேண்டும். தங்கும் இடத்துக்கு மகள் கடிதமும் தன் அடையாள அட்டைப் பிரதியும் வீட்டு வரி அல்லது மின்சார பில்லும் கொடுத்தால் சரி. வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த விசாவில் பிரான்சில் நிற்கிற நாள் 90இல் எண்ணப்படாது. ஆனால் ஸ்பெயினுக்குள் போனால் அந்த நாட்கள் எண்ணப்படும். குளிர்காலத்தில் வெயில் வேண்டும் என்றால் பிரான்சின் தெற்கே பெர்ப்பினியான் பக்கம் நின்று பாருங்கள். பாரிஸ் மாதிரி இருக்காது.

லெஸ்டர்வாசி

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு இரண்டு பேருக்கும் நன்றி. தகட்டைப் பார்த்தேன். 3,850 என்றுதான் இருக்கிறது. மனைவி வாசித்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்து வைத்துவிட்டார். இன்னும் நான்கு கேள்வி. பாரிஸில் நிற்கும்போது மருமகன் வண்டியை ஓட்டலாமா, அவருக்குப் பிரெஞ்சு லைசென்ஸ். வண்டியை ஸ்பெயினிலேயே ஒரு இடத்தில் விட்டுவிட்டு விமானத்தில் வந்து போகலாமா? ஸ்பெயினில் வதிவிட விசா எடுத்தால் எல்லாம் தீருமா? சாப்பாட்டுச் சாமான் எவ்வளவு கொண்டு போகலாம்?

கராஜ்காரன்

மருமகன்: அவர் ஒன்றியத்துக்குள் வசிப்பவர். வரி கட்டாத வெளிநாட்டு வண்டியை அவர் தன்பாட்டில் எடுத்து ஓட முடியாது. பதிவு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நீங்கள் சொல்லி, நீங்களும் அந்த நேரம் ஒன்றியத்துக்குள் இருக்கும்போது எப்போதாவது ஓட்டலாம். நீங்கள் லெஸ்டரில் இருக்க அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனால் அது சுங்கக் குற்றம். காப்புறுதியில் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

விட்டுவிட்டு வருவது: நீங்கள் வந்தாலும் வண்டியின் 6 மாதம் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். வீதி வரியை நிறுத்தி வைக்கவும் முடியாது. வீதிக்கு எடுக்கவில்லை என்ற சோர்ன் அறிவிப்பு வண்டி பிரித்தானியாவில் நின்றால்தான் செல்லும். 12 மாதமோ அதற்கு மேலோ வெளியே வைத்தால் நிரந்தர ஏற்றுமதி என்று டி.வி.எல்.ஏ.க்கு (வண்டிப் பதிவும் லைசென்ஸும் பார்க்கிற பிரித்தானிய அரச நிறுவனம்) அறிவிக்க வேண்டும்.

வதிவிட விசா: இதில்தான் கவனம் வேண்டும். அந்த விசா உங்கள் 90 நாளைத் தீர்க்கும், வண்டிக்குப் பிரச்சினையைத் தொடக்கும். ஸ்பெயினில் வதிகிறவர் ஆகிவிட்டால் தற்காலிக இறக்குமதிச் சலுகை உங்களுக்கு இல்லை, வண்டியை அங்கே பதிய வேண்டும். இடம்பெயர்கிறவர் என்று வரிவிலக்குக் கேட்கலாம். அதற்கு நீங்கள் 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே வசித்திருக்க வேண்டும், வண்டி 6 மாதமாவது உங்கள் பாவனையில் இருந்திருக்க வேண்டும், பிறகு 12 மாதத்துக்கு விற்கவும் கூடாது. ஒரு குளிர்காலத்துக்காக இவ்வளவும் வேண்டாம் என்பது என் எண்ணம். லெஸ்டர் வீட்டை வைத்துக்கொண்டு, அங்கே வசிப்பவராகவே போய் வாருங்கள். காப்புறுதியும் டி.வி.எல்.ஏ.யும் உங்களிடம் கேட்பது அந்த முகவரியைத்தான்.

சாப்பாடு: இப்போதைய விதிப்படி இறைச்சி, பால், நெய் எதுவும் எல்லை தாண்டக் கூடாது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் பிரச்சினையில்லை. கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை போகும். அவ்வளவும் ஏற்றினால் வண்டிக்குள் நீங்கள் இருக்க மாட்டீர்கள்! தேங்காய், வாழைப்பழம் விடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், அதைப் பாரிஸ் லா ஷபேலில் தமிழ்க் கடைகளில் வாங்குங்கள்.

இரவு தங்குவதற்கும் ஒரு சொல். ஸ்பெயினில் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கலாம், உள்ளே படுக்கலாம். கதிரை, கூடாரச் சீலை வெளியே வந்தால் முகாம் என்று தண்டம் அடிப்பார்கள். போர்த்துக்கல்லில் 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாநகரசபை எல்லைக்குள் 48 மணி நேரம். பாதுகாக்கப்பட்ட கரையோரங்களில் அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் இரவு தங்க முடியாது.

குளிர்காலப்பறவை

மச்சானுக்கு இதை அனுப்பினேன். அவருடைய எம்.ஓ.டி. ஜனவரியோடு முடிந்திருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறார். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. என்ன செய்யலாம் அண்ணை?

கராஜ்காரன்

முதலில் காப்புறுதிக்காரருக்கு உள்ளதைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். பிரித்தானியக் கரையில் இறங்கியபின், முன்கூட்டியே பதிந்து வைத்த எம்.ஓ.டி.க்கு ஓட்டிப் போக எங்கள் சட்டம் விடும். அது அங்கே ஸ்பெயின் வீதிக்குச் செல்லாது. பாரவண்டியில் ஏற்றி வடக்குத் துறைமுகம் வரை கொண்டு வருவது செலவுதான், ஆனால் அதுவே சுத்தமான வழி. போர்ட்ஸ்மத்தில் ஒரு கராஜில் இன்றைக்கே நாள் பதியச் சொல்லுங்கள், அந்தப் பதிவுத்தாள் கையில் இருக்கட்டும்.

லெஸ்டர் அண்ணை, நீங்கள் எடையைக் குறைக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜூலையிலேயே தொடங்குங்கள். லொக் புக்கைத் திருத்தத்துக்கு டி.வி.எல்.ஏ.க்கு அனுப்பினால் திரும்பி வர வாரக்கணக்கு எடுக்கும். ஒக்டோபர் 1 டோவரில் நிற்கும்போது மூலப் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

லெஸ்டர்வாசி

தகடு அடிக்கிறவரோடு பேசிவிட்டேன், அடுத்த கிழமை வருகிறார். எடைமேடை இங்கே பக்கத்தில் ஒரு கல் விற்கிற இடத்தில் இருக்கிறதாம். மொரோக்கோவுக்கு மனைவி சம்மதம். பெப்ரவரி 25ஐ நாட்காட்டியில் சிவப்பால் குறித்து வைத்திருக்கிறார்.